துரை ஏற, டோலி ஏற, கொடிமலை சிரிக்க

1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரான்சிஸ் லைட் துரை பினாங்குத் தீவில் கொடியேற்றினார். கடாரத்து சுல்தானிடம் சொன்னது ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதியது இன்னொன்று, கடைசியில் செய்தது மூன்றாவது ஒன்று. அதெல்லாம் வரலாற்றுப் பாடம், போகட்டும். நமக்கு வேண்டியது அடுத்த காட்சி. தீவு முழுக்கக் காடு. கோட்டை கட்ட இடம் வேண்டும். மரத்தை வெட்டச் சொன்னால் வேலையாட்கள் கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடலை வேடிக்கை பார்த்தார்கள். துரை யோசித்தார். பீரங்கியில் குண்டுக்குப் பதில் வெள்ளிக்காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டார். காசைத் தேடிப் போனவர்கள் குறுக்கே நின்ற மரத்தையெல்லாம் சாய்த்துத் தள்ளினார்கள். இது நடந்ததா, பிற்பாடு யாராவது கட்டிவிட்டதா என்று பினாங்கில் யாரும் துருவுவதில்லை. நல்ல கதையைத் துருவிக் கெடுப்பானேன்?

அந்தக் கோடரிக்காரர்களிடம் துரை கண்ட குணத்துக்கு இயற்பியல் புத்தகத்தில் நிலை உராய்வு என்று பெயர். தரையில் கிடக்கும் பெரிய அலமாரியைத் தள்ளிப் பாருங்கள். மெல்லத் தள்ளினால் அதுவும் மெல்ல எதிர்க்கும். பலமாகத் தள்ளினால் பலமாக எதிர்க்கும். நீங்கள் கொடுப்பது எவ்வளவோ அதே அளவுதான், ஒரு குண்டுமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் இந்தப் பிடிவாதத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று விட்டுக்கொடுத்துவிடும். அலமாரி கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு அதை ஓட்டிக்கொண்டே போவதற்கு அவ்வளவு பலம் தேவையில்லை, ஏனென்றால் இயக்க உராய்வு நிலை உராய்வைவிடப் பொதுவாகக் குறைவு. கிளப்புவதுதான் பாடு. லைட் துரைக்கு அது வெள்ளிக்காசில் முடிந்தது.

கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்றைக்கும் லைட் துரை சிலையாக நிற்கிறார். முகம் மட்டும் அவருடையது இல்லை. அவருடைய படம் ஒன்றும் கிடைக்காததால் மகன் வில்லியமின் முகத்தைப் பார்த்துச் செய்தார்கள். ஊரை உருவாக்கியவர் என்று பட்டம் ஒருவருக்கு, முகம் இன்னொருவருக்கு. பினாங்கு வரலாற்றை இப்படித்தான் படிக்கவேண்டும் என்பதற்கு வாசலிலேயே ஒரு குறிப்பு.

தீவில் கால் ஊன்றியதும் துரைக்கு வேர்த்தது. நிமிர்ந்து பார்த்தார், மேலே மலை. மலையில் குளிர் இருக்கும், குளிர் இருந்தால் ஸ்ட்ராபெர்ரி விளையும் என்று கணக்குப் போட்டார். 1788இல் மலைமேல் குதிரைப் பாதை வெட்ட உத்தரவு போட்டார். அந்த இடத்துக்கு இன்றும் ஸ்ட்ராபெர்ரி ஹில் என்றே பெயர். பழம் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. துரை மலேரியாவில் 1794இல் போய்ச்சேர்ந்தார். ஆனால் மலைக்குப் போனால் காய்ச்சல் விடும் என்ற நம்பிக்கை துரைமார்களை விடவில்லை. ஆளுநருக்கு அங்கே ஒரு பங்களா, அடுத்தவருக்கு ஒன்று, அதற்கும் அடுத்தவருக்கு ஒன்று. கப்பல் வருவதைக் கொடியேற்றிச் சொல்ல ஒரு கம்பம். நம்மவர்கள் பார்த்தார்கள், மலைக்குக் கொடிமலை என்று பேர் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

வேலை என்றால் என்ன வேலை? துரையைத் தூக்குவதுதான். கீழே கொளுத்தும் வெயில், மேலே ஐந்து டிகிரி குறைவு, நடுவே செங்குத்துக் காடு. குதிரை ஏற முடிந்தவர் குதிரையில் போனார். முடியாதவர், துரைசானி, காய்ச்சல்காரர், அல்லது காய்ச்சல் இருப்பதாகச் சொல்லி லீவு போட்டவர் எல்லோரும் டோலியில் ஏறினார்கள். நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கழி, கழிக்கு அடியில் தோள்கள். தூக்கிய தோள்களில் இந்தியத் தோள்கள் நிறைய. அவர்கள் மலையில் கும்பிட வைத்த முருகன்தான் இன்று உச்சியில் அருளொளித் திருமுருகன் கோயிலாக நிற்கிறார் என்பார்கள்.

டோலி தூக்கியவர்கள் பேசியதை எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்:

"அண்ணே, துரை நேத்தைக்கு இன்னிக்கு கனம் கூடிட்டாரு. வழுக்கி விட்டுருமோன்னு பயமா இருக்கு."

"கனம் கூடினா தோளுதான்டா நோகும். வழுக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கீழ பாத்து நட."

அண்ணன் சொன்னதற்குள்ளே முந்நூறு வருஷ ஐரோப்பிய ஆராய்ச்சி அடக்கம். எப்படி என்று பார்ப்போம்.

லியோனார்டோ டா வின்சி 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பலகையும் எடையும் கயிறுமாக உட்கார்ந்து இரண்டு விஷயம் கண்டுபிடித்தார். ஒன்று, எடை இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்கு. இரண்டு, பெட்டியைப் படுக்கப் போட்டாலும் நிற்க வைத்தாலும் உராய்வு ஒன்றுதான், தொடும் பரப்பு எவ்வளவு என்பது கணக்கில் வராது. கண்டுபிடித்தவர் என்ன செய்தார்? நோட்டில் எழுதினார், அதுவும் கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடியும்படி வலமிருந்து இடமாக. எழுதி மூடி வைத்தார். யாருக்கும் தெரியாமல் போயிற்று. இருநூறு வருஷம் கழித்து, 1699இல், பிரான்சில் கில்லோம் அமோந்தோன் என்பவர் அதையே மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்கவேண்டியதாயிற்று. பாரிஸ் அறிஞர் சபை நம்பவில்லை. பரப்பு கூடினால் உராய்வு கூடத்தானே வேண்டும், கழுதைக்குக்கூடத் தெரியுமே என்று முகம் சுளித்தது. லா ஹீர் என்ற உறுப்பினரை அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னது. அவரும் செய்துபார்த்துவிட்டு அமோந்தோன் சொன்னது சரிதான் என்று வந்து நின்றார்.

பிறகு வந்தார் கணிதமேதை ஆய்லர். ஒரு பலகையில் பெட்டியை வைத்து மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் பெட்டி வழுக்கும் அல்லவா? அந்தச் சரிவில் ஏறும் உயரத்தைக் கிடையாகப் போகும் தூரத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் (அழுத்தும் பலத்தில் உராய்வு எத்தனை பங்கு என்ற எண்) கையில் கிடைத்துவிடும் என்றார். நூறு அடி கிடையாகப் போவதற்குள் ஐம்பது அடி ஏறும் சரிவில் நிற்கவேண்டுமானால் குணகம் 0.5க்குக் குறையக்கூடாது. இந்தக் கணக்கில் எடை எங்கேயும் இல்லை. எடை கூடினால் கீழே இழுக்கும் பலம் கூடுகிறது, அதே விகிதத்தில் தரையை அழுத்தும் பலமும் கூடி பிடிமானமும் கூடுகிறது, இரண்டும் அடிபட்டுப் போகின்றன. ஒல்லி குமாஸ்தாவைத் தூக்கினாலும் தொந்தி ஆளுநரைத் தூக்கினாலும் பாதம் வழுக்கும் சரிவு ஒன்றுதான். அண்ணன் அதைத்தான் சொன்னார். சபை கூட்டிச் சரிபார்க்க அவருக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை.

அண்ணனுக்குத் தெரிந்த இன்னொன்று, மழை. காய்ந்த செம்மண்ணில் வெறும் பாதம் நன்றாகவே கவ்வும். மழை பெய்து களி குழைந்தால் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே வழவழவென்று ஒரு படலம் வந்துவிடும், குணகம் சரிந்துவிடும். அப்போது கட்டைவிரலை மண்ணுக்குள் ஊன்றி நடப்பார்கள். அது உராய்வு மட்டும் இல்லை, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னப் படி வெட்டிக்கொண்டு ஏறுவது. துரைமாரின் கடிதங்களில் மேலேயிருந்து தெரியும் கடல், மூடுபனி, பெரணிச் செடி எல்லாம் வரும். கட்டைவிரல் வராது.

பரப்பு ஏன் கணக்கில் வருவதில்லை என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அதை விளக்கினார்கள். எவ்வளவு இழைத்த பரப்பாக இருந்தாலும் உற்றுப்பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது சுவிட்சர்லாந்தைத் தூக்கி ஆஸ்திரியாவின் மேல் கவிழ்ப்பது மாதிரி என்றார் பௌடன். சிகரமும் சிகரமும் முட்டும் சில இடங்களில்தான் உண்மையான தொடுகை. எடையைக் கூட்டினால் அந்தச் சிகர நுனிகள் நசுங்கி உண்மைத் தொடுகை கூடும். வெளியே தெரியும் பரப்பு அகலமா குறுகலா என்பதைப் பற்றி அந்த நுனிகளுக்குக் கவலை இல்லை. பினாங்குக்காரர் யாராவது இதைச் சொல்லியிருந்தால் கொடிமலையைப் பக்கத்திலுள்ள தண்ணீர்மலை மேல் கவிழ்த்திருப்பார். சுவிட்சர்லாந்து இந்தக் கதையில் பிறகு வேறு வழியாக வரும்.

துரைமார் மலைமேல் குளிர் காய்ந்துகொண்டிருந்த காலத்தில் கீழே ஊருக்குள் செட்டியார்கள் உராய்வுப் பரிசோதனை ஒன்றை ஆண்டுதோறும் நடத்தத் தொடங்கினார்கள். 1894இன் வெள்ளித்தேர். தைப்பூசத்துக்கு முதல்நாள் விடியலில் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து முருகன் கிளம்புவார். போகவேண்டிய இடம் வாட்டர்ஃபால் ரோட்டில் உள்ள நகரத்தார் கோயில். காலாற நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். வெள்ளித்தேர் பொழுது சாய்ந்து, இருட்டிய பிறகுதான் சேரும். வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டு, வழியெல்லாம் தேங்காய்.

தேங்காய் என்றால் வீட்டு வாசலில் ஒன்று இரண்டு இல்லை. நடுரோட்டில் குவியல் குவியலாக அடுக்கி வைத்திருப்பார்கள். நம்மவரைவிடச் சீனர்கள் இதில் ஒரு படி மேல். நேர்ந்துகொண்ட சீன முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டு கையிலும் மாறி மாறி எடுத்து அறைவதைப் பார்க்கவேண்டும், கடன்காரனை நினைத்துக்கொள்கிறாரோ என்று தோன்றும். தேர் நெருங்குவதற்குள் ரோடு முழுக்க இளநீரும் பருப்பும் ஓடும் நாருமாக ஆகிவிடும். பின்னால் நகராண்மைக்கழகத்தின் மண்வாரி இயந்திரம் உறுமிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளும்.

இப்போது தேரில் பூட்டிய மாட்டின் நிலைமையை யோசியுங்கள். தேரை இழுப்பது மாடு என்றுதான் நாம் சொல்கிறோம். உண்மையில் மாடு செய்வது ரோட்டைப் பின்னால் தள்ளுவது மட்டும்தான். ரோடு பதிலுக்கு மாட்டை முன்னால் தள்ளுகிறது. அந்தப் பதில்தான் நிலை உராய்வு, ஏனென்றால் ஊன்றிய குளம்பு நழுவாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. உராய்வு என்பது ஓட்டத்துக்கு எதிரி என்று பள்ளிக்கூடத்தில் படித்த பாதிப் பாடத்தை இங்கே திருத்திக்கொள்ளவேண்டும். குளம்படியில் உராய்வு இல்லையென்றால் மாடு நின்ற இடத்திலேயே நடனம் ஆடும், முருகன் பினாங்கு ஸ்ட்ரீட்டிலேயே தைப்பூசம் கொண்டாடுவார். அப்படிப்பட்ட ரோட்டின் மேல்தான் பக்தகோடிகள் தேங்காய்ப்பாலையும் எண்ணெய்ப் பசையையும் பூசி வைக்கிறார்கள். காவடிக்காரர் வெறுங்காலோடு வேறு பின்னால் வருகிறார். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தேங்காயைக் குறையுங்கள் என்று வருஷா வருஷம் சொல்லிப் பார்க்கிறது. அவர்கள் சொல்வது வீண்விரயம் பற்றி. மாடு வாய்விட்டுச் சொல்லுமானால் வேறு காரணம் சொல்லும்.

ஓர் ஆறுதல், தேர் சக்கரத்தில் ஓடுகிறது. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவதே இல்லை, வைத்த இடத்தில் நின்று அடுத்த புள்ளிக்கு இடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறது. இழுத்துக்கொண்டு போவதைவிட உருட்டிக்கொண்டு போவது பல மடங்கு சுலபம் என்பது அதனால்தான். ஆனாலும் கிளம்பும் கணம் இருக்கிறதே! திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து "ஆரூரா, தியாகேசா" என்று அடித்தொண்டையில் கத்தினாலும் தேர் முதலில் கேட்காது. பின்னால் நெம்புகட்டை போட்டு உந்தவேண்டும். ஒரு முனகல், ஒரு குலுக்கல், பிறகு கிளம்பினால் நிறுத்துவது அடுத்த பாடு. அதற்கு முட்டுக்கட்டை போடத் தனி ஆட்கள். முட்டுக்கட்டை போடுகிறவன் என்று ஊரில் யாரையாவது திட்டும்போது, தேரோட்டத்தில் உயிரைப் பணயம் வைத்துச் சக்கரத்துக்கு முன்னால் குனிகிறவர் அவர்தான் என்பதை நினைத்துக்கொள்வது நல்லது. பிற்பாடு திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் மாட்டிக்கொடுத்தார்கள். அப்படியும் கட்டை போடும் ஆளுக்கு வேலை போகவில்லை.

நிறுத்தி வைத்த தேர் கிளம்ப மறுப்பதற்கு இன்னொரு காரணத்தைக் கூலும் கண்டுபிடித்தார். மின்சாரத்தில் பேர் வாங்கிய அதே கூலும்தான். ராணுவப் பொறியாளராக இருந்தவர், பிரெஞ்சுக் கடற்படையின் ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் மரம், இரும்பு, கொழுப்பு எல்லாம் வைத்து உராய்வை அளந்தார். 1781இல் அதற்குப் பரிசும் வாங்கினார். ஒரு பொருள் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அதன் நிலை உராய்வு கூடும் என்பது அவர் கண்டது. மரத்தின்மேல் மரம் என்றால் சில நிமிடங்களில் இறுகி முடிந்துவிடும். உலோகம் மரத்தின்மேல் உட்கார்ந்தால் நாட்கணக்கில் கூடிக்கொண்டே போகும். அரசாங்கக் கோப்பு மேசைமேல் உட்கார்ந்தால் எப்படி என்று அவர் அளக்கவில்லை. அதை அளந்தது பினாங்கு.

கொடிமலைக்கு ரயில் விடலாம் என்ற பேச்சு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுந்துவிட்டது. அரசாங்கம் அசையவில்லை. தனியார் சிலர் பணம் போட்டார்கள். காடு வெட்டி, தண்டவாளம் போட்டு, 1906வாக்கில் வேலை முடிந்தது என்றார்கள். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. ரயில் உருப்படியாக ஓடவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று வரலாறு ஒரு வரியில் முடித்துக்கொள்கிறது. போட்ட பணம் போனது, டோலிக்காரருக்குப் பிழைப்பு நீடித்தது. அன்றைக்கு மலையடிவாரத்தில் துரைமார் மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தபோது அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையை மட்டும் யாராவது படம் பிடித்திருக்கலாம்.

ஏன் இத்தனை பாடு? ஊரெல்லாம் ரயில் ஓடுகிறதே, மலையில் மட்டும் என்ன கேடு? இங்கேதான் ஆய்லரின் கணக்கு வந்து நிற்கிறது. சாதாரண ரயில் எஞ்சின் சக்கரமும் மாட்டுக் குளம்பு செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது. தண்டவாளத்தைப் பின்னால் தள்ளி, நிலை உராய்வைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு முன்னால் போகிறது. எஃகின்மேல் எஃகு உருளுவது சுகம், ஆனால் கவ்வாது. உலர்ந்த தண்டவாளத்தில் நடைமுறைக்கு 0.3 கிடைத்தால் அதிகம். மழை பெய்து, இலை விழுந்து, சக்கரம் அதை நசுக்கிக் கூழாக்கிவிட்டால் 0.1க்கு இறங்கிவிடும். கொடிமலைப் பாதையின் செங்குத்தான இடத்திலோ சரிவு 0.5க்கும் மேல். வருஷம் முழுக்க மழை, வழியெல்லாம் இலை. எஞ்சின் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும், அல்லது சுற்றாமலே வந்த வழியில் சறுக்கும். போதாக்குறைக்கு எஞ்சின் தன்னை மட்டுமா, பெட்டிகளையும் இழுக்கவேண்டும். பெட்டிகளின் எடை எஞ்சினின் பிடிமானத்துக்கு ஒரு காசும் தராது, கீழ்ப்பக்கம் மட்டும் இழுக்கும்.

மற்ற மலைகளில் என்ன செய்தார்கள்? டார்ஜிலிங்கில் 1881 முதல் ஓடும் பொம்மை ரயிலில் எஞ்சினின் மூக்கில் ஆட்களை உட்கார வைத்தார்கள். சக்கரம் வழுக்கினால் அவர்கள் கையாலேயே மணலை அள்ளித் தண்டவாளத்தில் தூவவேண்டும். ஆவி எஞ்சின், இங்கிலாந்தின் பெருமை, தொழிற்புரட்சியின் கொடுமுடி, அதன் முன்னால் உட்கார்ந்து ஒருவர் கோலம் போடுவதுபோல் மணல் தூவிக்கொண்டு போகிறார். நம்ம நீலகிரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ரயில் விட்டபோது உராய்வை மட்டும் நம்பவில்லை. நடுவில் பல் வைத்த தண்டவாளம் போட்டு, பல்சக்கரத்தால் கடித்துக்கொண்டு ஏறினார்கள். அங்கே செங்குத்தான சரிவு பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி. கொடிமலையில் இரண்டு அடிக்கு ஓர் அடி. ஊட்டி ரயில் கொடிமலைக்கு வந்தால் பல்லை இளிக்கும்.

கடைசியில் கொடிமலைக்கு வழி தேடி ஆர்னல்டு ராபர்ட் ஜான்சன் என்ற ரயில்வேப் பொறியாளரைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். மலையும் ரயிலும் ஒன்றாகப் பிறந்த ஊர் அது. போனவர் பார்த்துக்கொண்டு வந்த வித்தை எளிமையானது: சக்கரத்தை ஏறச் சொல்லாதே. சக்கரம் சும்மா உருளட்டும். பெட்டியைக் கம்பி வடத்தில் கட்டி மேலேயிருந்து இழு. அதே வடத்தின் மறுமுனையில் இன்னொரு பெட்டியைக் கட்டு. இது ஏறும்போது அது இறங்கும். ஏறுகிறவர் எடையை இறங்குகிறவர் எடையே சரிக்கட்டும், மின் எந்திரம் மிச்சத்தை மட்டும் இழுத்தால் போதும். மேலே விடுமுறை முடிந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கும் குமாஸ்தா, தன்னையறியாமல் தன் மேலதிகாரியை மலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1920இல் தொடங்கிய வேலை 1923இல் முடிந்தது. செலவு 15 லட்சம் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர். அக்டோபர் 21ஆம் தேதி ஜனங்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஆளுநர் சர் லாரன்ஸ் கில்லிமார்ட் 1924 ஜனவரி முதல் தேதிதான் வந்து முறைப்படி திறந்து வைத்தார். ஓடிக்கொண்டிருக்கும் ரயிலை இரண்டு மாதம் கழித்துத் திறந்து வைப்பதில் ஒரு விவேகம் இருக்கிறது. 1906ஐ மறந்தவர் யார்? கூட்டத்தின் முன் ஓடுமா ஓடாதா என்று பார்த்த பிறகு ஆளுநரைக் கூப்பிடுவதே மரியாதை.

பாதையை இரண்டு பகுதியாகப் போட்டிருந்தார்கள். நடு ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும். மொத்தம் அரைமணி நேரம். வழியில் ஒரு சுரங்கம் வேறு, ரயில் அதற்குள்ளும் சாய்ந்தே ஏறும். 1977இல் மரப்பெட்டிகள் போய்ச் சிவப்புப் பெட்டிகள் வந்தன, அவையும் சுவிஸ் சரக்கு. 2010இல் எல்லாவற்றையும் நிறுத்தி, 6 கோடியே 30 லட்சம் ரிங்கிட் செலவில் புதிதாகப் போட்டார்கள். 2011 முதல் பெட்டி மாறும் வேலை இல்லை, கீழேயிருந்து உச்சிக்கு ஒரே மூச்சு. பத்து நிமிடத்துக்குள் போய்விடுகிறார்கள், செல்ஃபி எடுக்கத்தான் நேரம் போதவில்லை.

ஜான்சன் உராய்வை ஏமாற்றிவிட்டார் என்று கைதட்டுவதற்கு முன்னால் மேல் ஸ்டேஷனில் இருக்கும் பெரிய உருளையை ஒரு தடவை எட்டிப் பார்க்கவேண்டும். இப்படிப்பட்ட ரயில்களில் வடத்தை உருளையோடு ஆணியடித்துப் பிணைப்பதில்லை. வடம் அதன்மேல் சுற்றிப் போகிறது, அவ்வளவுதான். உருளை சுற்றும்போது வடம் நழுவாமல் கூடவே வருவது எதனால்? நிலை உராய்வால். சக்கரத்தடியிலிருந்து விரட்டிய ஆசாமி மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு அதே வேலையைப் பார்க்கிறார். ஆனால் மாடியில் அவருக்குச் சம்பளம் பெருக்கல் கணக்கில். இதற்கும் சூத்திரம் எழுதியவர் ஆய்லரே. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பலைக் கட்டும் ஆள் கயிற்றை இரும்புத் தூணில் சுற்றுவதைப் பாருங்கள். கயிறு, இரும்பு இரண்டுக்கும் இடையே குணகம் 0.3 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்று பிடியை ஆறரை மடங்கு ஆக்கும். இரண்டாவது சுற்று அதை மறுபடி ஆறரையால் பெருக்கும். மூன்று சுற்றுச் சுற்றினால் ஒரு முனையில் ஒரு கிலோ எடைக்குரிய பலத்தோடு பிடித்து, மறுமுனையில் 280 கிலோவுக்கு மேல் நிறுத்தலாம். அதனால்தான் ஆயிரக்கணக்கான டன் கப்பலை ஒரு ஒடிசலான ஆள் வாயில் சுருட்டோடு கட்டிவைக்க முடிகிறது. தண்டவாளத்தில் 0.3 என்பது அவமானம், கயிற்றில் அதே 0.3 அரசபோகம்.

மலையே உராய்வில்தான் நிற்கிறது என்பது 2017 நவம்பரில் தெரிந்தது. கொடிமலை உள்ளே கருங்கல், மேலே அந்தக் கல் சிதைந்த மண். மண் துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதால் சரிவில் நிற்கின்றன. 4ஆம் தேதி இரவு கொட்டத் தொடங்கிய மழை நிற்காமல் ஊறியது. துகள்களுக்கு இடையே புகுந்த நீர் அவற்றை விலக்கித் தள்ளியது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும் என்று லியோனார்டோவின் நோட்டிலேயே இருக்கிறது. ஜார்ஜ் டவுன் வெள்ளத்தில் மிதந்தது, மலையில் இடமிடமாகச் சரிந்து பாதைகள் பிய்ந்தன. அந்த இரவு தீவில் உயிர்களையும் வாங்கியது, அதில் வேடிக்கை பேச ஒன்றுமில்லை. மண்ணில் கைவைத்துக் கட்டடம் கட்டுகிறவர்கள் ஆய்லரைப் படிக்கட்டும் என்று மட்டும் சொல்லலாம்.

இப்போது கொடிமலைக்குக் கேபிள் கார் வருகிறது. தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து ஏறும். தண்டவாளம் வேண்டாம், சுரங்கம் வேண்டாம், ஆகாயத்திலேயே போய்விடலாம் என்கிறார்கள். ரயிலுக்கு மூன்று மணி நேரம் வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் மகிழ்கிறார்கள், காட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கவலைப்படுகிறார்கள். சரி, தரையையே விட்டுவிட்டால் உராய்வுத் தொல்லை ஒழிந்ததா என்று கேட்டால், அந்தப் பெட்டியின் தலைக்கு மேல் ஒரு இரும்புக் கவ்வி இருக்கும். ஓடுகிற கம்பியை அது விரைப்பான சுருள்வில்லின் பலத்தால் இறுகக் கவ்வவேண்டும். ஏறும்போது பெட்டி கம்பியில் வழுக்கிப் பின்னால் வராமல் தடுப்பது அந்தக் கவ்விக்கும் கம்பிக்கும் இடையிலான நிலை உராய்வு. ஏறுகிறவர்கள் எடை கூடினால் என்ன ஆகும் என்று மட்டும் அண்ணனின் பதிலை இங்கே நம்பிவிடக்கூடாது. டோலியில் துரையின் கனம் பாதத்தைத் தரையில் அழுத்தியது. சுருள்வில் கவ்விக்கோ, பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவரின் கனம் தெரியாது. அது எப்போதும் ஒரே அழுத்தம்தான் அழுத்தும். அதனால்தான் ஒவ்வொரு கேபிள் கார் பெட்டியிலும் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று எழுதி ஒட்டிவைக்கிறார்கள், நாமும் நாசி கண்டார் தின்றுவிட்டு ஏறி அதைப் படிக்காமல் கதவைச் சாத்துகிறோம்.